மீன் அடக்கி வைத்திருந்த புழு: ஒரு வீட்டு ரீஃப் தொட்டியில் அக்ரோபோரா தட்டைப்புழு

இந்த ஆய்வில் வரும் தொட்டி 450 லிட்டர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரீஃப், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. மேல் பாறைகளில் கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா பவளம் பத்துக்கும் மேற்பட்ட கொத்துகள், நடுவில் மாண்டிபோரா தட்டுகளும் செரியாடோபோராவும், கீழே யூஃபில்லியா, சோவாந்தஸ் என்று வேறு வகைகளும். சம்ப் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுப்பது), டோசிங் பம்ப் (கால்சியம், கார்பனேட் கரைசலை அளந்து ஊற்றுவது), எல்.இ.டி. விளக்கு என்று வழக்கமான அமைப்புதான். வைத்திருப்பவர் என் நண்பர். நீர்ப் பரிசோதனை, டோசிங் அளவு, செத்த மீன், வந்த பவளம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவைக்கிறவர். நோயைக் கண்டுபிடிக்க உதவியதில் பாதி அந்தப் பதிவேடுதான்.

அவருடைய முறையீடு இது: அக்ரோபோரா மட்டும் வாடுகிறது. முதலில் பாலிப்கள், அதாவது பவளத்தின் சின்னஞ்சிறு உயிர்கள், பகலில் வெளியே வருவது குறைந்தது. அப்புறம் நிறம் மங்கியது. நான் பார்க்கப் போன சமயத்தில் இரண்டு கொத்துகளில் அடிப்பகுதித் திசு போய் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிந்தது, அதற்குக் கீழே பழைய வெண்மையில் பாசி ஏறத் தொடங்கியிருந்தது. மாண்டிபோரா, செரியாடோபோரா, மற்றவை எல்லாம் நன்றாக இருந்தன.

அதற்குள் அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டிருந்தார். விளக்கின் பிரகாசத்தைக் குறைத்தார், பெரிய அளவில் நீர் மாற்றினார், ஆர்.ஓ. வடிகட்டிகளைப் புதிதாகப் போட்டார், கார்பன் வைத்தார், உலோக நச்சு உண்டா என்று ஐ.சி.பி. என்ற ஆய்வகச் சோதனைக்கும் நீர் அனுப்பினார். சோதனையில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. உப்புத்தன்மை 35, வெப்பம் 26 டிகிரியை ஒட்டி, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05, கால்சியம் 420, மக்னீசியம் 1350. இந்த எண்களைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டு சந்தேகங்கள் அவரிடம் இருந்தன. ஒன்று, சில வாரங்களுக்கு முன் விளக்கை மாற்றியிருந்தார். இன்னொன்று, 8.2 டிகேஎச் அலகில் அசையாமல் நின்ற அல்கலினிட்டி (நீரிலுள்ள கார்பனேட்டின் அளவைக் காட்டும் எண்), டோசிங்கைத் தொடாமலே மெல்ல ஏறி 9.4க்கு வந்திருந்தது. விளக்கு பாதி, அல்கலினிட்டி பாதி என்று காரணத்தைப் பிரித்து வைத்திருந்தார். இரண்டும் நியாயமான ஊகங்கள்தான், ஆனால் பவளத்தில் தெரிந்த தடயங்கள் இரண்டுக்குமே பொருந்தவில்லை.

எந்தப் பக்கம் வெளுக்கிறது?

அதிக ஒளியால் வெளுக்கிற அக்ரோபோரா, ஒளி நேராக விழுகிற பக்கத்தில்தான் முதலில் வெளுக்கும். கிளையின் மேல்புறம் மங்கிப்போயிருக்க, அடிப்புறமும் நிழல் விழும் உட்பகுதியும் நிறத்தோடு இருக்கும். இந்தத் தொட்டியில் தலைகீழாக இருந்தது. கிளை நுனிகள் ஓரளவு நிறத்தோடு இருந்தன. கொத்தின் உட்பக்கம், பாறையை ஒட்டிய அடி, விளக்கு எட்டாத இடுக்கு, இவைதான் வெளுத்திருந்தன.

அல்கலினிட்டி ஏற்றத்தால் அடிபடும்போது, குறிப்பாகச் சத்துக் குறைந்த நீரில், நுனிகள் கருகியதுபோல் ஆகும். அதுவும் இங்கே இல்லை. நீரில் சத்து போதாவிட்டால் கொத்து முழுக்க ஒரே சீராக வெளிறும், இப்படித் திட்டுத் திட்டாக ஆகாது.

அப்படியானால் அல்கலினிட்டி ஏன் ஏறியது? இதைத்தான் பதிவேட்டில் தேடினேன். பவளம் கூடு கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. கூடு கட்டுவது குறைந்தால் எடுப்பதும் குறையும். டோசிங் பம்ப் பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருக்கும், மிச்சம் நீரில் சேரும். பதிவேட்டின்படி அல்கலினிட்டி ஏறத் தொடங்கியது, நிறம் மங்குவதை அவர் கவனிப்பதற்குப் பல நாள் முன்பு. அக்ரோபோரா வளர்ச்சியை நிறுத்திய பிறகுதான் எண் ஏறியிருக்கிறது. காரணம் என்று அவர் நினைத்தது உண்மையில் விளைவு. தொட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படிப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எண் மாறினால் எண்ணைத் திருத்துவது என்று கை பழகிவிடுகிறது.

பதிவேட்டில் இன்னொரு வரியும் இருந்தது. விளக்கு மாற்றிய அதே வாரம். விளக்கைப் பொருத்துவதற்காக மேல்வலையைக் கழற்றி வைத்திருந்த இரவில் ஆறு கோட்டு ராஸ் மீன் வெளியே குதித்துச் செத்திருந்தது. தொட்டி தொடங்கிய காலத்திலிருந்தே இருந்த மீன். அவர் அதை ஒரு இழப்பாக எழுதிவைத்தாரே தவிர, பவளத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. விளக்கு புதிது, மீன் இல்லை, இரண்டும் ஒரே வாரம். கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்தின் மேல் பழி விழுந்தது.

சோதனை

அக்ரோபோரா மட்டும் பாதிக்கப்படுவது பூச்சிக்கு ஆதாரம் என்று உடனே சொல்லிவிட முடியாது. நீரில் எது கெட்டாலும் முதலில் முகம் சுளிப்பது அக்ரோபோராதான். ஆனால் நிழல் பக்கத்திலிருந்து தொடங்குவது, திட்டுத் திட்டாக இருப்பது, மீனின் மறைவு, மூன்றையும் சேர்த்தால் ஒரு பெயர் தானாக மேலே வந்துவிடும்.

முதலில் லென்ஸ். வெளுத்த இடங்களை நெருங்கிப் பார்த்தால் அது ஒரே வெளுப்பு அல்ல, சிறு சிறு வட்டங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், பழையதும் புதியதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கலந்தவை. கடித்த தடங்கள். சிவப்புப் பூச்சி என்று சொல்கிற டெகாஸ்டெஸ் அக்ரோபோரானஸ் இப்படித் தடம் விடாது. அது அரை மில்லிமீட்டர் அளவுள்ள கோப்பிபாட் என்ற, இறால் நண்டு இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரி வகை, மஞ்சள் உடலில் ஒரு சிவப்புப் புள்ளியோடு திசுவின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். பாலிப்களை உள்ளே இழுக்க வைக்கும், நிறத்தை மங்க வைக்கும், ஆனால் வட்டக் கடி இருக்காது. லென்ஸில் அப்படி ஊர்வது எதுவும் தெரியவில்லை.

அடுத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, சமையலறையில் பயன்படும் பெரிய ரப்பர் பேஸ்டரால் ஒரு கொத்தின் உட்பகுதியை நோக்கி நீரை வேகமாகப் பீய்ச்சினோம். ஒளி ஊடுருவும் சிறு இலைபோல ஒன்று கழன்று, சுருண்டு, மிதந்தது. கிளௌன் மீன் வந்து விழுங்கிவிட்டது. ஆதாரம் போயிற்று! அடுத்த கொத்தை வெளியே எடுக்க முடிந்ததால் வெள்ளைக் கிண்ணத்தில் பவளத்தை முக்கியெடுக்கும் டிப் மருந்து கலந்து அதில் இறக்கி, பேஸ்டரால் அலசினோம். சில நிமிடங்களில் கிண்ணத்தின் அடியில் புழுக்கள் கிடந்தன. அரை சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை, நீள்வட்டம், தாளைவிட மெல்லியது. பவளத்தின் மேல் இருந்தபோது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தின்ற பவளத் திசுவும் அதிலுள்ள நுண்பாசிகளும் அதன் குடலில் தெரிவதால் புழு அந்தப் பவளத்தின் நிறத்திலேயே இருக்கிறது. நீல விளக்கில் பவளம் ஒளிர்வதுபோல் அதுவும் ஒளிரும். அதனால் நீல விளக்கில் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வெள்ளைக் கிண்ணமும் டிப்பும்தான் நம்பகமான சோதனை.

கொத்தின் அடியில், திசு போன வெற்றுக்கூட்டில், முட்டைகளும் இருந்தன. தேன் நிறத்தில் சிறு உறைகள், தேய்த்து ஒட்டியதுபோல் வரிசையாக, கூட்டமாக. ஒவ்வொரு உறைக்குள்ளும் பல கருக்கள் இருக்கும்.

பெயரும் பழக்கமும்

இது அக்ரோபோராவை மட்டும் தின்னும், பாலிகிளாட் என்ற பிரிவைச் சேர்ந்த தட்டைப்புழு. விஞ்ஞானிகள் பெயர் வைக்கும் முன்பே பல ஆண்டுகளாகப் பவளம் வளர்ப்பவர்கள் இதோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். 2011ல் அமாகுசாபிளானா அக்ரோபோரே என்று விவரிக்கப்பட்டது, அதுவும் தொட்டிகளில் கிடைத்த புழுக்களை வைத்து. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் லிசார்ட் தீவருகே இயற்கைப் பவளத்தில் கண்டதாக அதற்குப் பிறகுதான் பதிவானது. பின்னர் பேரினம் மாற்றப்பட்டு, இப்போது புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. கடலில் இதைத் தின்ன மீனும் இறாலும் நண்டும் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டியில் அந்தக் கூட்டம் இல்லை, அக்ரோபோரா மட்டும் நெருக்கமாக இருக்கிறது.

இந்த வழக்குக்கு முக்கியமான மூன்று பழக்கங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, முட்டையை உயிருள்ள திசுவின் மேல் இடாது, அதையொட்டிய வெற்றுக்கூட்டில் இடும். புழு தின்று திசுவை அகற்றுவதே முட்டைக்கு இடம் செய்வதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு, டிப் மருந்துகள் புழுவைக் கழற்றும், கொல்லவும் செய்யும், முட்டை உறைக்குள் போகாது. மூன்று, எல்லாமே வெப்பத்தைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் புழுவைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து 2019ல் வெளியிட்ட கணக்கின்படி, 27 டிகிரி நீரில் ஒரு தலைமுறை முடிய 38 நாள் போதும். அதில் ஏறக்குறைய ஒன்றரை வாரம் முட்டைக்குள், மீதி குஞ்சாகப் பிறந்து முட்டையிடும் பருவம் வரை. நீர் குளிர்ந்தால் இந்தக் காலம் நீளும்.

அந்தக் குழுவினர் 2020ல் இரைகொல்லிகளைப் பற்றியும் எழுதினார்கள். ஆறு கோட்டு ராஸ் மீனும் லிஸ்மாட்டா விட்டாட்டா என்ற பெப்பர்மின்ட் இறாலும் புழு எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைத்தன. இறால் முட்டைகளையும் தின்றது. ஆனால் குறைப்பதும் ஒழிப்பதும் ஒன்றல்ல.

நண்பரின் தொட்டியில் நடந்தது அப்போது புரிந்தது. புழு புதிதாக வரவில்லை. பதிவேட்டின்படி மீன் போவதற்கு முந்தைய பல மாதங்களில் ஒரு பவளம்கூட உள்ளே வரவில்லை. எப்போதோ ஒரு ஃப்ராக்கின் (வளர்க்க வெட்டித் தரும் பவளத் துண்டு) பிளக்கில், அதாவது அதை ஒட்டியிருக்கும் சிறு தாங்கியில், முட்டையாக வந்திருக்கிறது. அவர் எல்லா ஃப்ராக்கையும் டிப் செய்துதான் போட்டிருந்தார், ஆனால் ஒரே ஒரு முறை, பிளக்கோடு சேர்த்து. பிளக்கின் அடியிலும் ஃப்ராக்கின் வெட்டு விளிம்பிலும் இருக்கும் முட்டையை ஒரு முறை டிப் செய்வது ஒன்றும் செய்யாது. அதன் பிறகு அத்தனை காலம், கழன்று அலைந்ததையும் திசுவின் மேல் தெரிந்ததையும் அந்த ராஸ் மீன் பொறுக்கித் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. அதன் வாய் எட்டாத இடுக்குகளில் சில மிஞ்சி, முட்டையிட்டு, மறுபடி தின்னப்பட்டு, ஒரு தாழ்ந்த எண்ணிக்கையிலேயே நின்றிருக்கிறது. மீன் போனதும் ஒரே தலைமுறையில் எல்லாம் தெரிய வந்துவிட்டது.

நண்பரின் முதல் யோசனை, உடனே இன்னொரு ஆறு கோட்டு ராஸ் வாங்கிப் போட்டுவிடலாம் என்பது. மறுத்துவிட்டேன். அது வேலை செய்யும், அதுதான் பிரச்சினை. சில வாரங்களில் பாலிப்கள் வெளியே வரும், நிறம் திரும்பும், நாம் குணமாகிவிட்டது என்று நம்புவோம். அந்தத் தொட்டியிலிருந்து வெட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு ஃப்ராக்கும் அடுத்த தொட்டிக்குப் புழுவைக் கொண்டுபோகும். இந்த நான்கு ஆண்டுகளில் அவர் பலருக்குத் துண்டுகள் கொடுத்திருந்தார். அவர்கள் எல்லோருக்கும் அன்றே சொல்லச் சொன்னேன், சொல்லவும் செய்தார். நோயைவிட இதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

நாள்காட்டி வைத்தியம்

தொட்டிக்குள்ளேயே ஊற்றிப் புழுவைக் கொல்லும் மருந்து என்று நான் நம்பிப் பரிந்துரைப்பது எதுவும் இல்லை. சிவப்புப் பூச்சிக்கு மில்பெமைசின் ஆக்சைம் உண்டு, அதுவும் தொட்டியிலுள்ள இறால், நண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். தட்டைப்புழு விஷயத்தில் வழி இரண்டுதான். எல்லா அக்ரோபோராவையும் வெளியே எடுத்து, தனித் தொட்டியில் வைத்து, மீண்டும் மீண்டும் டிப் செய்வது. அதே சமயம் பெரிய தொட்டியை அக்ரோபோரா இல்லாமல் பட்டினி போடுவது. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்று மட்டும் செய்தால் வீண்.

டிப் கணக்கு இப்படி. மருந்து முட்டையைத் தொடாது. ஆகவே முதல் டிப்புக்குப் பிறகு முட்டைகள் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்கு முன் அவற்றை எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஏட்டுக் கணக்கில் சரியான நாளில் இரண்டு மூன்று டிப் போதும். நடைமுறையில் ஒவ்வொரு டிப்பிலும் சில தப்பும், முட்டைகள் ஒரே நாளில் பொரிக்காது, இடுக்கில் ஒளிந்தது கழலாது. அதனால் வாரம் ஒருமுறை, குறையாமல் எட்டு வாரம் என்று வைத்தோம். நீர் வெப்பம் 27 டிகிரியில். குளிர்ந்த நீரில் வைத்திருந்தால் இன்னும் நீட்டியிருக்க வேண்டும். எங்கோ படித்த நாள் கணக்கை 24 டிகிரித் தொட்டிக்கு அப்படியே வைத்துக்கொண்டு, கடைசி முட்டை பொரிக்கும் முன்பே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

ஆனால் டிப்பைவிடப் பெரிய வேலை வெட்டுவதுதான். முட்டை இருப்பது அடியிலுள்ள வெற்றுக்கூட்டில். அந்த அடியை வைத்துக்கொண்டு வாரா வாரம் டிப் செய்வது, தொழிற்சாலையை மூடாமல் வெளியே வரும் பொருளை மட்டும் பறிமுதல் செய்வதுபோல. எல்லாக் கொத்துகளையும் நலமான திசு தொடங்கும் இடத்துக்கு மேலே வெட்டி, அடியை எறிந்துவிடச் சொன்னேன். நண்பர் தயங்கினார். அதில் ஒரு கொத்து, சிறு துண்டாக வாங்கி இரண்டு கைப்பிடி அளவுக்கு வளர்த்தது. "அதை மட்டும் முழுசா வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், அதில் முட்டை வரிசைகள் பல இருந்தன. வெட்டினோம்.

வெட்டிய துண்டுகளைப் புதிய பிளக்குகளில் ஜெல் பசையால் ஒட்டினோம். சயனோஅக்ரிலேட் பசை நீரில் உடனே இறுகும், பவளத்துக்கு ஒன்றும் செய்யாது. ஒட்டும்போது வெட்டு முகத்தையும் திசு இல்லாத ஓரத்தையும் பசை முழுக்க மூடும்படி பூசினோம். முட்டையிட வெற்றுக்கூடு எங்கும் மிஞ்சக் கூடாது என்பதுதான் நோக்கம். அதோடு, பசையின் வழவழப்பான பரப்பில் முட்டை இருந்தால் லென்ஸில் பளிச்சென்று தெரியும்.

தனித் தொட்டியில் மணல் இல்லை, பாறை இல்லை. வெறும் கண்ணாடி, ஹீட்டர், ஓட்டத்துக்கு ஒரு பவர்ஹெட், பழைய விளக்கு. நீரைப் பெரிய தொட்டியிலிருந்து எடுக்காமல் புதிதாக உப்புக் கலந்து, அதே அல்கலினிட்டிக்குக் கொண்டுவந்து நிரப்பினோம். இடுக்கி, வலை, பேஸ்டர் எல்லாம் தனி. ஒவ்வொரு டிப்புக்கும் மூன்று வாளி: ஒன்றில் மருந்து, இரண்டில் அலச வெறும் கடல்நீர், மூன்றும் ஒரே வெப்பத்தில். மருந்து வாளியில் சிறு பவர்ஹெட் ஓட விட்டு, இடையிடையே பேஸ்டரால் ஒவ்வொரு கிளை இடுக்கையும் அடித்தோம். மருந்தைவிட இந்த நீர் அடிதான் அதிகப் புழுக்களைக் கழற்றுகிறது என்பது என் அனுபவம். நாங்கள் பயன்படுத்தியது தாவர எண்ணெய் அடிப்படையிலான, பவளத்துக்கென்றே விற்கும் டிப், உறையில் போட்ட அளவில்.

இமிடாகுளோபிரிட், சைஃப்ளூத்ரின் கலந்த தோட்டப் பூச்சிக்கொல்லியை டிப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் பலர். வேலை செய்கிறது என்கிறார்கள், மறுக்கவில்லை. வீட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில், வாளி வாளியாக அதைக் கலந்து கொட்டுவதை நான் விரும்பவில்லை. சைஃப்ளூத்ரின் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. சரியாக அலசாத ஒரு துண்டு போதும், தொட்டி இறால்கள் போய்விடும். செய்கிறவர்கள் கையுறை போட்டு, பலமுறை அலசி, கழிவு நீர் எங்கே போகிறது என்பதையும் யோசித்துச் செய்யட்டும்.

முதல் இரண்டு வாரம் வாளியின் அடியில் நிறையப் புழு, பெரியவை. மூன்றாவது வாரம் அநேகமாக இல்லை. நண்பர் இங்கேயே நிறுத்திவிடலாமா என்ற பார்வை பார்த்தார். அடுத்த வாரம் மறுபடி வந்தன, இந்த முறை எல்லாமே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பொடி. வெட்டும்போது கண்ணுக்குத் தப்பிய முட்டைகளிலிருந்து பொரித்தவை. கணக்கு சொன்னபடியே நடந்தது. அதற்குப் பிறகு கடைசி வரை ஒன்றும் இல்லை.

டிப்புக்கும் ஒரு விலை உண்டு. வழவழப்பான, மெல்லிய திசு கொண்ட வகைகள்தான் புழுவுக்கும் பிடித்தவை, மருந்தையும் தாங்காதவை. அப்படிப்பட்ட இரண்டு வகைகள் இடையில் திசு உரிந்து போயின. அவற்றில் ஒன்றின் வேறு துண்டு கைவசம் இருந்தது, மற்றது முழுதாகப் போயிற்று. தடித்த திசுவும் முரட்டு மேற்பரப்பும் உள்ள வகைகள் அசரவில்லை.

காலியான தொட்டி

பெரிய தொட்டியில் அக்ரோபோரா இல்லை என்று எழுதிவிடுவது சுலபம். செய்வது கடினம். வளர்ந்த அக்ரோபோரா பாறையின் மேல் மெல்லிய ஓடுபோல் படர்ந்து இறுகிவிடும். கொத்தை எடுத்தாலும் அந்தப் படர்வு அங்கேயே இருக்கும், அதன் திசு உயிரோடு இருக்கும். எடுக்க முடிந்த பாறைகளை வெளியே வைத்து உளியால் செதுக்கினோம். எடுக்க முடியாத இடங்களில் செதுக்கியது போக மிச்சத்தை எபாக்சி பசைக்கட்டியால் விளிம்போடு மூடினோம்.

இதற்கிடையே டோசிங். அக்ரோபோரா போனதும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுக்கிற வாய்களில் பெரும்பகுதி போய்விட்டது. பழைய அளவிலேயே விட்டிருந்தால் அல்கலினிட்டி எகிறி, நலமாக இருந்த மாண்டிபோராவையும் அடித்திருக்கும். அதனால் முதல் நாளே பாதியாகக் குறைத்து, தினமும் அளந்து, இன்னும் குறைத்தார். பட்டினிக் காலத்தில் தொட்டி கெடுவது பெரும்பாலும் இதனால்தான். பூச்சி விரட்டப் போன இடத்தில் இன்னொரு பவளம் சாகும்.

ஒரு மாதம் கழித்து, பின்பக்கப் பாறையில் எபாக்சியின் ஓரத்தைத் தாண்டி, நகக்கண் அளவில் பச்சைத் திசு எட்டிப் பார்த்தது. படர்விலிருந்து தப்பிய துணுக்கு மறுபடி வளர்ந்திருக்கிறது. லென்ஸில் அதன் மேல் கடி வட்டம் ஒன்று தெளிவாக இருந்தது. அதாவது புழு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது, அந்த நகக்கண் அளவு திசுவை வைத்தே பிழைத்திருக்கிறது. ஓடிய நாள்களுக்கு இனி மதிப்பில்லை. அந்தப் பாறையை வெளியே எடுக்க மற்ற அடுக்குகளையும் கலைக்க வேண்டியிருந்தது, கலைத்தோம். செதுக்கி, மூடி, பட்டினிக் கணக்கை அன்றிலிருந்து மறுபடி தொடங்கினோம். மீதமிருக்கும் முட்டை பொரிக்கும் கடைசி நாள், அந்தக் குஞ்சு உணவில்லாமல் சாகும் நாள், அதற்கு மேல் ஒரு தாராளமான இடைவெளி, எல்லாம் சேர்த்து எட்டு வாரம். தனித் தொட்டியில் இருந்த துண்டுகள் சுத்தமாகிவிட்ட பிறகும் அங்கேயே காத்திருந்தன.

மாண்டிபோராவையும் அந்தச் சமயத்தில் டிப் செய்து பார்த்தோம். தட்டைப்புழு அவற்றைத் தொடாது. ஆனால் ஒரு முட்டை பிளக்கில் வந்தால் இன்னொன்றும் வந்திருக்கலாம். மாண்டிபோராவைத் தின்னும் ஓடில்லாத வெள்ளைக் கடல்நத்தை, 2020ல் ஃபெஸ்டில்லா சபோடியோசா என்று பெயர் பெற்ற நுடிபிராங்க், தட்டின் அடிப்பக்கத்தில் சில மில்லிமீட்டர் அளவில் ஒளிந்திருக்கும். முதுகிலுள்ள இழைகள் பார்வைக்குப் பாலிப் மாதிரியே இருக்கும். தட்டின் அடி விளிம்பிலிருந்து வெள்ளைத் தழும்பு பரவுவது அதன் அடையாளம். வைத்திய முறை ஒன்றுதான் என்றாலும் அதன் முட்டை இன்னும் சீக்கிரம் பொரிக்கும். தட்டைப்புழுவின் நாள்காட்டியை அதற்கு வைத்து டிப்பைத் தள்ளிப்போட்டால் தோற்றுவிடுவோம். இங்கே அது இல்லை. வாளியில் விழுந்தவை சாதாரண முள்புழுக்களும், சிறு இறால் போன்ற ஆம்ஃபிபாடுகளும். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, தொட்டியைச் சுத்தம் செய்கிறவை அவை.

திரும்ப வைத்தது

பட்டினிக் காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்கவில்லை. முதலில் ஒரே ஒரு துண்டு, காவலுக்கு. புழுவுக்கு மிகவும் பிடித்த வழவழப்பான வகையில் ஒன்றை, முன்பு கடி தெரிந்த அந்தப் பின்பக்கப் பாறைக்கு அருகில் வைத்தோம். ஒவ்வொரு வாரமும் எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் டிப், லென்ஸில் பார்வை. ஒரு தலைமுறைக் காலம் தாண்டியும் கடி இல்லை, முட்டை இல்லை. அதற்குப் பிறகே மற்றவை திரும்பின. டோசிங்கையும் அவற்றோடு சேர்த்து மெல்ல ஏற்றினார்.

கணக்குப் பார்த்தால் போன வகைகள் குறைவு, போன அளவு அதிகம். கைப்பிடிக் கொத்துகளாக இருந்தவை விரல் நீளத் துண்டுகளாகத் திரும்பியிருக்கின்றன. பழைய வளர்த்திக்கு வர ஆண்டுக்கணக்காகும். பாலிப்கள் பகலிலேயே வெளியே நிற்கின்றன. பசைமேல் திசு படரத் தொடங்கிவிட்டது. அல்கலினிட்டிச் செலவு வாரத்துக்கு வாரம் கூடுகிறது. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ராஸ் மீன் விஷயம். காவல் துண்டு சுத்தம் என்று தெரிந்த பிறகு நண்பர் மறுபடி கேட்டார், இந்த முறை நான் தடுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஆறு கோட்டு ராஸ் வேண்டாம் என்றேன். அது வளர்ந்ததும் பின்னால் வரும் சிறு மீன்களை விரட்டும், இந்தத் தொட்டியில் இனி மீன் சேர்க்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. ஹாலிகோயரஸ் கிரைசஸ் என்ற மஞ்சள் ராஸ் ஒன்றைத் தனித்தொட்டிக் காலம் முடித்து உள்ளே விட்டார். இரவில் மணலில் புதைந்து தூங்கும் வகை, மணல் இருப்பதால் சரி. மேல்வலை இப்போது நிரந்தரமாகத் திருகி வைக்கப்பட்டிருக்கிறது. மீன் இருப்பதால் காவல் துண்டை எடுத்துவிடவில்லை. மாதம் ஒருமுறை அது கிண்ணத்துக்கு வருகிறது. மீன் தின்று மறைத்தாலும், டிப்பில் கழலும் ஒரு பொடிப் புழுவோ பசைமேல் ஒரு முட்டை வரிசையோ காட்டிக்கொடுத்துவிடும்.

புதிதாக வரும் ஃப்ராக்குக்கு இப்போது அவர் வீட்டில் உள்ள முறை: பிளக்கை அன்றே உடைத்து எறிவது, வெட்டு முகத்தைப் பசையால் மூடிப் புதுப் பிளக்கில் ஒட்டுவது, அந்த வெறுங்கண்ணாடித் தனித் தொட்டியில் 27 டிகிரியில் இரண்டு மாதம் வைத்து வாரா வாரம் டிப் செய்வது. போன வாரம் வந்த ஒரு ஃப்ராக்கின் பழைய பிளக்கை எனக்கு எடுத்துக் காட்டினார். அடியில் தேன் நிறத்தில் ஒரு சிறு வரிசை. தட்டைப்புழுவா, வேறு நத்தையின் முட்டையா என்று தெரிந்துகொள்ள அதைத் தனி டப்பாவில் கடல்நீரில் போட்டு, பொரிக்கட்டும் என்று வைத்திருக்கிறார்.